மேயர் கையெழுத்து

1989இல் எங்கள் பாரிஸ் பயணம் முகம் தெரியாத ஒரு மேயரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

பாரிஸ் புறநகர் ஒன்றில் என் பெரியம்மா மகன் குடும்பத்தோடு இருந்தார். பெரியப்பா பாண்டிச்சேரிக்காரர். 1962இல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தின் புண்ணியத்தில்தான் விழுப்புரத்து வங்கி குமாஸ்தா ஒருவனுக்கு ஈபிள் கோபுரத்தை நேரில் பார்க்கும் ஆசை வந்தது. அண்ணன் ஒரு வரி எழுதிப் போட்டால் கிளம்பிவிடலாம் என்று நினைத்திருந்தோம். அங்கே சட்டம் வேறு மாதிரி. விருந்தாளியைக் கூப்பிடுகிறவர் வீட்டில் படுக்க இடம் இருக்கிறதா என்று நகராட்சி பார்க்கும். இருக்கிறது என்று மேயர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தால்தான் அந்த அழைப்புக்கு மதிப்பு. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஒரே கூடத்தில் எத்தனை பேர் பாய் விரித்துப் படுத்தார்கள் என்று யாரும் எண்ணியதில்லை. தம்பி வந்து தங்க ஊர்த் தலைவர் அறையை அளக்கிறார் என்றதும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவ்ளோ சின்ன வீடாடா அது?" என்று மட்டும் கேட்டாள்.

மேயரின் காகிதம் வருவதற்குள் விமானத் தபாலில் திட்டம் போட்டோம். கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் கேட்டது மறந்துவிடும். "மே மாதம் குளிருமா?" என்று கேட்டிருப்பேன். நான் அதற்கு முன்னால் கேட்டிருந்த கேள்விக்குப் பதிலாக, "இரண்டு கிலோ போதும், இட்லி அரிசி வேண்டாம்" என்று அண்ணன் எழுதியிருப்பார். குளிர் பற்றிய பதில் வந்தபோது பணம் கட்டி ஸ்வெட்டர் வாங்கியாகிவிட்டது.

கடிதங்களுக்கு இடையில் எனக்குக் கிடைத்த வழிகாட்டி, பாண்டிச்சேரியில் பெரியப்பா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று, பிராங்கில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கிளம்புகிறவர்களில் ஒருவர். அவருக்குத் தெரிந்த பாரிஸ் ஐம்பதுகளின் பாரிஸ். கப்பலில் மர்செய் போய், அங்கிருந்து ரயிலில் பாரிஸ் போனவர். ஆகவே எதைக் கேட்டாலும் அவருக்கு கார் தெ லியோன் ரயில் நிலையத்திலிருந்துதான் வழி தொடங்கும்.

"மொதல்ல கார் தெ லியோன்ல எறங்கு, தம்பி."

"நாங்க பிளேன்ல போறோம், ஐயா. ஏர்போர்ட் வடக்குப் பக்கம் எங்கேயோ இருக்காம்."

"இருக்கட்டும். நீ கார் தெ லியோனுக்கு வந்துடு. அங்கேருந்து நான் சொல்றேன்."

சார்ல் தெ கோல் விமான நிலையம் திறந்தது 1974இல். அவருடைய பாரிஸில் அதற்கு இடமில்லை. ஆனால் அந்த ரயில் நிலையத்திலிருந்து பஸ்தீல் எத்தனை நடை, சேன் ஆறு எந்தப் பக்கம், ஆற்றோரமாகவே நடந்தால் நோத்ர தாம் எப்படிப் பின்பக்கமாக முதலில் தெரியும் என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். சென்னை அல்லையான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில் பார்த்த பச்சை அட்டை வழிகாட்டியில் வீதிகள் எல்லாம் இருந்தன. எந்தத் திருப்பத்தில் காற்று முகத்தில் அடிக்கும் என்பது அதில் இல்லை.

அடுத்தது டாலர். அன்று நடப்பில் இருந்தது 1973ஆம் வருடத்து அந்நியச் செலாவணிச் சட்டம். ஊரார் பணத்தையெல்லாம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, என் சொந்தப் பணத்தை டாலராக மாற்ற ரிசர்வ் வங்கியின் அளவுகோலும் ஒரு கத்தைப் படிவமும் வேண்டியிருந்தன. கிடைத்ததை டிராவலர்ஸ் செக்காக வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்துப் போட்டு, மாற்றும்போது போட வேண்டிய இரண்டாவது கையெழுத்தை இரவில் உட்கார்ந்து பழகினேன். பக்கத்திலேதானே, புருஸ்ஸெல்ஸையும் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிடலாம் என்று அண்ணன் எழுதியிருந்தார். அதற்கு பெல்ஜியத்தின் விசா தனியாக வேண்டும். ஒரு மேயரே போதும் என்று விட்டுவிட்டோம்.

இத்தனையும் முடிந்து போய் இறங்கினால், பாரிஸ் எங்களை ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். நோத்ர தாமின் கதவு திறந்திருந்தது, நுழைந்தோம். லூவர் முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடு அந்த வருடம்தான் திறந்திருந்தது. பாரிஸ்காரர்களே அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றோம், சீட்டு வாங்கினோம், கால் வலிக்கும்வரை உள்ளே இருந்தோம். மெட்ரோவுக்குப் பத்து மஞ்சள் டிக்கெட் கொண்ட ஒரு கட்டு சட்டைப் பையில் இருந்தால் ஊரே நம்முடையது. ஊரை விட்டுக் கிளம்பத்தான் பத்து பேரிடம் அனுமதி வாங்கினோமே தவிர, போன இடத்தில் எங்கும் வாங்கவில்லை.

இப்போது நிலைமை நேர் எதிர். இந்தியாவை விட்டுக் கிளம்ப யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பழைய செலாவணிச் சட்டம் 2000இல் போய்விட்டது. ஒரு குடிமகன் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாமாம். வங்கிப் பென்ஷன்காரனிடம் இதைச் சொன்னால் கேலியாகத்தான் கேட்கும். ஒரே விசாவில் புருஸ்ஸெல்ஸ் உள்பட 29 நாடுகள். அதனால் என் மகள் திட்டம் போட உட்கார்ந்தபோது முதலில் ஏழு ஊர்கள் இருந்தன. கெஞ்சிக் கூத்தாடி பாரிஸோடு நிறுத்தினேன்.

மேயர் மட்டும் வேறு உருவத்தில் திரும்ப வந்திருக்கிறார். அவர் பெயர் இப்போது கோப்பு. 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. இறந்துபோனால் உடலைத் திருப்பி அனுப்பும் செலவும் காப்பீட்டில் சேர்த்தி என்று மகள் வாசித்தபோது, மனைவி எழுந்து காப்பி போடப் போய்விட்டாள். ஊருக்குத் திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரமாக வீட்டு வரி ரசீது, பென்ஷன் புத்தகம். இவற்றின் மேல் நாள்வாரியாகப் பயணத் திட்டம் ஒன்று. நான் படித்தவரை இது ஒரு புதுவகைப் புனைகதை. ரத்துசெய்தால் பணம் திரும்பி வரும் ஓட்டல்களாகப் பார்த்து அதற்கென்றே பதிவு செய்கிறார்கள். கோப்புக்கு ஒரு பாரிஸ், நமக்கு ஒரு பாரிஸ். கோப்பில் இருக்கும் பாரிஸில் நான் காலை ஏழு மணிக்கு எழுந்து லுக்சம்பூர் தோட்டத்தில் நடக்கிறேன். நிஜத்தில் நான் எழுவது எத்தனை மணிக்கு என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

விசா வந்தாலும் நகரம் திறந்துவிடாது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நேரம் குறித்திருக்கிறார்கள். நோத்ர தாம் 2019இல் எரிந்து, 2024 டிசம்பரில் திரும்பத் திறந்தது. உள்ளே போக இன்னும் காசு இல்லை. ஆனாலும் இணையத்தில் நேரம் பதிந்துகொண்டு போகிறவர்கள் ஒரு வரிசை, சும்மா போகிறவர்கள் இன்னொரு வரிசை. சும்மா போகிறவர்கள் என் கட்சி. மகள் எதிர்க்கட்சி. லூவரில் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியருக்கு 22 யூரோ, நம்மைப் போன்ற வெளியாருக்கு 32. யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஒர்சேவுக்குத் திங்கள். பொம்பிது மையத்தை 2025 செப்டம்பரில் மூடினார்கள், 2030 வரை பழுதுபார்ப்பு. மகளின் அட்டவணையில் இதெல்லாம் சிவப்பு, பச்சை, மஞ்சளாக இருக்கிறது.

"லூவர் பதினொன்றரைக்கு, அப்பா. ஒர்சே மறுநாள் ரெண்டு மணிக்கு."

"நடுவுல பசிச்சா?"

"பன்னெண்டே முக்காலுக்கு மேல பசிக்கலாம்."

அந்த லூவருக்குள் முன்பதிவு இல்லாமல் போய்வந்தவர்களும் உண்டு. 2025 அக்டோபர் 19, ஞாயிறு காலை ஒன்பதரை மணி வாக்கில், சாமான் ஏற்றும் ஏணி வண்டியை வெளியே நிறுத்தி, மாடி ஜன்னலை வெட்டி அப்பொல்லோ கூடத்துக்குள் இறங்கினார்கள். எட்டு நிமிஷத்துக்குள் பிரெஞ்சு அரச குடும்பத்து நகைகளோடு கிளம்பிவிட்டார்கள். மொத்த மதிப்பு 8.8 கோடி யூரோ என்றார்கள். செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், "எட்டு நிமிஷத்துல மோனலிசா பக்கமே போயிருக்க முடியாது" என்றாள். அவள் கவலை அவளுக்கு.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் முன்னேற்றத்தை மனதாரப் பாராட்டுகிறேன். எண்பதுகளில் இலங்கையிலிருந்து போர் துரத்திய தமிழர்கள் வந்து சேரச் சேர, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பெல் பகுதியில் கடைகள் முளைத்தன. இன்று முருங்கைக்காய் முதல் கோயில் தேர் வரை அங்கே உண்டு. தோசைக்குப் பஞ்சமில்லை என்று காட்டுவதற்கு மகள் ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசலையே கைபேசியில் திறந்து காட்டினாள். இருந்தும் மனைவி பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மாவடு என்று 1989 பட்டியலை அப்படியே எடுத்து வைக்கிறாள். நெய் மட்டும் கூடாது. வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. நெய் இல்லாமல் பருப்புப் பொடி எதற்கு என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

ஒரு நஷ்டம் உண்டு. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப் படமும் எடுத்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது படிப்படியாகப் போய்விட்டது. என் பழைய பாஸ்போர்ட்டின் அந்த ஒரு முத்திரையை விழுப்புரத்தில் ஒரு தெரு முழுக்கப் புரட்டிப் பார்த்தது. கைரேகையை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்குப் போவது?

போகட்டும். மகள் இரக்கப்பட்டு ஞாயிற்றுக்கிழமை நாலிலிருந்து ஆறு மணி வரை ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, "அப்பா விருப்பம்" என்று தலைப்புக் கொடுத்திருந்தாள். நான் கார் தெ லியோன் என்று நிரப்பினேன்.

"ரயில்வே ஸ்டேஷனா? அங்க என்ன இருக்கு?"

"அங்கேருந்து ஆத்தோரமா நடக்கலாம்."

"டிக்கெட்?"

"வேணாம்."

நம்பாமல் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, கட்டத்தைப் பச்சையாக்கினாள். பக்கத்துக் கட்டத்துக்குப் போனாள். அதன் தலைப்பு "மழை பெய்தால்".

"மழை பெஞ்சா?"

"ஸ்டேஷனுக்குக் கூரை இருக்கும்மா."