பகலிலும் விளக்கெரியச் சொன்ன அமைச்சகத்துக்கு

அனுப்புநர்: பழைய வண்டி வாங்கி ஓட்டும் குடிமகன், அரியலூர்.

பெறுநர்: சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: இருசக்கர வாகனப் பெயர் மாற்றம் – எல்லாம் சரிபார்க்கப்பட்டு மின்சாரம் மட்டும் விடுபட்டமை – பாராட்டுத் தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: 2017 ஏப்ரல் 1 முதல் தாங்கள் எரியவிட்ட முகப்பு விளக்கு.

ஐயா,

பார்வையில் கண்ட விளக்கு இங்கே நலமாக எரிகிறது. எரியாத வண்டிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் விளக்கை அணைக்கும் சுவிட்சையே தாங்கள் எடுத்துவிட்டீர்கள். இன்ஜின் ஓடினால் விளக்கு எரியும், அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழுவின் பரிந்துரை அது. எதிரே வருகிறவன் கண்ணில் நாம் படவேண்டும் என்பது நோக்கம். எங்கள் ஜனங்களுக்கு இது விளங்கக் கொஞ்ச காலம் பிடித்தது. ஜெயங்கொண்டம் ரோட்டில் நட்டநடுப் பகலில் போனால் எதிரே வரும் ஒவ்வொருவரும் ஐந்து விரலையும் மூடித் திறந்து காட்டுவார்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து பெரியவர் ஒருவர், "தம்பி, லைட்டு எரியுது, பேட்டரி போயிடும்" என்று கத்துவார். "கவர்ன்மெண்டே எரியவிடச் சொல்லியிருக்கு பெரியப்பா" என்று பதில் கத்திக்கொண்டே போவோம். சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பும் புழுதியில் முன்னால் போகிற மாடே தெரியாத ஊர் இது. இங்கே அந்த விளக்கு உயிர் காக்கும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெரியவரின் கத்தலில் இருந்த பிற்பாதியை யாரும் தில்லிக்கு எழுதியனுப்பவில்லை போலிருக்கிறது.

2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்தது. கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் ஏறியது. பெட்ரோலைத் தள்ள மின்சார பம்பு, அதை அளந்து கொடுக்க ஒரு கணினிப் பெட்டி. பல மாடல்களில் கிக்கரையும் கழற்றிவிட்டார்கள். ஒரு காலத்தில் டி.வி.எஸ். 50-உம் ஆர்.எக்ஸ். 100-உம் பேட்டரி செத்துப் போனதுகூடத் தெரியாமல் வருஷக்கணக்கில் ஓடின. ஹாரன் அடிக்காது, இண்டிகேட்டர் எரியாது, வண்டி மட்டும் ஓடும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் பேட்டரி முழுக்கச் செத்தால் நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் பம்பு எழுந்திருக்காது. ஆக, இரண்டு உத்தரவுகளில் வண்டியின் உயிரைப் பெட்ரோல் டேங்கிலிருந்து பேட்டரிக்கு மாற்றிவைத்தீர்கள். நல்லது. அந்த 2017 வண்டியும் 2020 வண்டியும்தான் இப்போது செகண்ட் ஹேண்டில் எங்களிடம் வந்து சேர்கின்றன.

வாங்கும்போது தாங்கள் எங்களைக் காக்கும் விதம் மெய்சிலிர்க்க வைக்கிறது. விற்பவர் கையெழுத்திட்டுத் தரும் படிவம் 29. வாங்குபவருக்கும் சேர்த்துப் படிவம் 30. சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த நகல். இன்சூரன்ஸ், மாசுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ. விற்றவர் 14 நாளுக்குள் சொல்லவேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் சொல்லவேண்டும் என்று 1988-ஆம் வருஷச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு கெடு வைக்கிறது. என் தகப்பனார் பெயரைக்கூடக் கேட்டீர்கள். அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. புகைபோக்கியில் என்ன வருகிறது என்று கேட்டீர்கள். பேட்டரிக்கு என்ன வருகிறது என்று கேட்க ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

அந்த இல்லாத கட்டத்தில்தான் ஐயா, ஒரு கலையே வளர்ந்திருக்கிறது. பெரம்பலூரில் ஒரு டூவீலர் கன்சல்டிங் கடை. எந்தக் கடை என்பது எதற்கு, எந்தக் கடையிலும் நடப்பதுதான். டி.என். 46 வண்டி. "வாத்தியார் ஓட்டினதுண்ணே, சிங்கிள் ஓனர், பெட்ரோல் மட்டும் போட்டா போதும்" என்றார் கடைக்காரர். (தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை வாத்தியார்கள் ஓட்டியவை. மிச்சம் லேடீஸ் ஓட்டியவை.) "செல்ஃப்ல கைய வைங்கண்ணே" என்றார். வைத்தேன். மணி மணியாக எடுத்தது. விளக்கு வெள்ளையாக எரிந்தது, ஹாரன் காதைப் பிளந்தது. முதல்நாள் ராத்திரி முழுக்க அந்த பேட்டரி கடைக்குள்ளே சார்ஜரில் கிடந்து வயிறு நிரம்பியிருந்தது. காலையில் தூக்கி வைத்து நாலு நட்டைத் திருகினால், பார்க்க வருகிறவனுக்கு அது இளம் வண்டி.

கணக்கைப் பாருங்கள். 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். சின்ன வண்டியின் பேட்டரி 4 ஆம்பியர்-மணி. பேட்டரி வழியாக விளக்கெரியும் வண்டியில் சார்ஜ் ஏறாவிட்டால், விளக்கு ஒன்றே அதை ஒன்றரை மணி நேரத்துக்குள் குடித்துத் தீர்த்துவிடும். பம்பும் பிரேக் லைட்டும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். பெரம்பலூரில் வாங்கியவன் அரியலூருக்கு ராஜா மாதிரி வந்து இறங்கலாம். வீட்டில் சூடம் ஏற்றித் திருஷ்டி கழிக்கலாம். மறுநாள் வெளியூர் கிளம்பும்போது முதலில் ஹாரன் கம்மும், பிறகு இண்டிகேட்டர் கண் சிமிட்ட மறக்கும், அப்புறம் மீட்டர் போர்டு மங்கும். தாங்கள் அணைக்க முடியாதபடி செய்த விளக்கு தானாகவே அணையும். கடைக்குப் போன் போட்டால், "பேட்டரிக்கெல்லாம் கேரண்டி கிடையாதுண்ணே" என்பார்கள். அதுவும் உண்மை. புது பேட்டரி வாங்கி மாட்டுவோம். அதுவும் சாகும். கடைசியில் மெக்கானிக் மேக்னெட் கவரைக் கழற்றி, கறுத்துப்போன காயிலைக் காட்டி, "சார்ஜே ஏறலண்ணே, பேட்டரிய ஏன் மாத்துனீங்க?" என்பார்.

தங்கள் அதிகாரிகளின் வசதிக்காகச் சொல்லிவிடுகிறேன். கிராங்கோடு சேர்ந்து காந்தம் சுற்றுகிறது. அதற்குள்ளே செம்புக் காயில் மாறுமின்சாரத்தை உண்டாக்குகிறது. ஆர்.ஆர். யூனிட் என்று ஒரு அலுமினியப் பெட்டி அதை நேர்மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. மிஞ்சியதைப் பெரும்பாலான வண்டிகளில் சூடாக்கித் தள்ளிவிடுகிறது. அந்தப் பெட்டியின் முதுகில் வரிவரியாகத் தகடு இருப்பது காற்றுப்பட்டுச் சூடு தணியத்தான். சிமெண்ட் ஆலை ஊரில் அந்த வரிகளுக்கு நடுவே புழுதி படிந்து, மழையில் நனைந்து, வெயிலில் இறுகிக் காறையாகவே நிற்கிறது. அதற்குமேல் முன் ஓனர் வாங்கி மாட்டிய இரண்டு ஃபாக் லைட், ஒரு ஏர் ஹாரன், ஒரு செல்போன் சார்ஜர். கப்ளரைப் பிரித்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும், இல்லையென்றால் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும். வாத்தியார் பாவம், இதையெல்லாம் சொல்லித் தரவில்லை.

தாங்கள் சும்மா இருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். 2022 டிசம்பரில் பழைய வண்டி வியாபாரிகளுக்கென்றே தனி விதிகளை அறிவித்தீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. வியாபாரி அங்கீகாரம் பெறவேண்டும். படிவம் 29-க்கு 29ஏ, 29பி, 29சி என்று குட்டிகள் பிறந்தன. வண்டி கடையில் இருக்கும்வரை வியாபாரியே ஓனராகக் கருதப்படுவார். அதை வெளியே எடுத்தால் யார் ஓட்டினார், எதற்கு ஓட்டினார், எவ்வளவு தூரம் என்று மின்னணுப் பயணப் பதிவேட்டில் எழுதவேண்டும். திருட்டு வண்டியைப் பிடிக்கவும், விற்றவன் தலையில் வழக்கு விழாமல் தடுக்கவும் நல்ல விதிகள்தான். பதிவேடு மின்னணுவில் இருக்கிறது. வண்டியில்தான் மின்சாரம் இல்லை.

எங்கள் ஊரைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்திருக்கும். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஆறரைக் கோடி ஆண்டுக்கும் முன்னால் இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த நத்தை, கிளிஞ்சலுக்கெல்லாம் வயது கணித்துச் சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். நான் வாங்கிய வண்டியின் பேட்டரிக்கு வயது என்ன என்று கேட்டபோது கன்சல்டிங்காரர் வானத்தைப் பார்த்தார். வந்து வந்து போகும் கனெக்‌ஷனும் எங்களுக்குப் புதிதல்ல. 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரித்து அரியலூரை மாவட்டமாக்கினார்கள். 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-இல் திரும்பவும் பிரித்தார்கள். அதன் பிறகு அந்த கனெக்‌ஷன் விடவில்லை.

வாங்குபவன்தான் பார்த்து வாங்கவேண்டும், 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைப் படித்துப் பார் என்று தங்கள் சட்டப் பிரிவு குறிப்பெழுதலாம். படித்தேன். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய காலத்தில் எழுதியது. டயர் தேய்ந்திருந்தால் தெரியும், செயின் தளர்ந்திருந்தால் தெரியும், ஆயில் ஒழுகினால் தரையே சொல்லும். காயில் கருகியது மூடியைக் கழற்றாமல் யாருக்கும் தெரியாது. விற்பவனுக்கு மட்டும் தெரியும். அதனால்தான் ராத்திரி சார்ஜ் போடுகிறான்.

ஆகவே தாழ்மையுடன் கேட்பது ஒன்றுதான். புது ஆணையம் வேண்டாம், செயலி வேண்டாம். வியாபாரி வண்டியை ஒப்படைக்கும் தாளில் இரண்டு கட்டம் சேர்த்துவிடுங்கள். இன்ஜின் ஓடாதபோது பேட்டரி எத்தனை வோல்ட் காட்டியது, இன்ஜினை நன்றாக முறுக்கியபோது எத்தனை காட்டியது. இரண்டு எண், ஒரு கையெழுத்து. மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்கு எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிறது. நாடு முழுக்க அதைக் கொள்முதல் செய்ய டெண்டர் விடவேண்டும், அதற்கொரு குழு, குழுவுக்கொரு கால நீட்டிப்பு என்று கோப்பு நகர்ந்தாலும் பொறுத்துக்கொள்வோம். என் வண்டி அதுவரை மெக்கானிக் கடையில்தான் நிற்கும், அவசரமில்லை.

இப்படிக்கு,
தங்கள் விளக்கில் இன்னும் நம்பிக்கை இழக்காதவன்.

நகல்: பழைய வண்டி பார்க்கக் கிளம்பும் அன்பர்களுக்கு. மீட்டரோடு போங்கள். ஓடாதபோது 12.5-க்கு மேல் இருக்கவேண்டும். முறுக்கும்போது 13.5-க்கும் 14.5-க்கும் நடுவே நிற்கவேண்டும். ஏறவே இல்லையென்றால் காயிலோ ஆர்.ஆர். யூனிட்டோ கப்ளரோ போயிருக்கிறது, 15-ஐத் தாண்டினால் பேட்டரி கொதித்துச் சாகும். இரண்டில் எது நடந்தாலும் ரிப்பேர் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். மீட்டர் வைக்க விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.