அண்ணாந்தவர்

சாவு வீட்டில் எல்லோரும் தலை குனிந்து நிற்கையில் ஒருவர் மட்டும் வேப்பமர உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால், துக்கம் தாளாமல் கடவுளிடம் நியாயம் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மரத்தில் மாம்பழச்சிட்டு குரல் கொடுத்திருக்கும். அவர் சமீபத்தில்தான் பறவை பார்க்கத் தொடங்கியிருப்பார்.

சென்னையில் அடுக்குமாடிக்கு ஒருவராவது இப்படி அகப்படுவார். நான் சொல்கிற நம்மவர் நங்கநல்லூர்வாசி, வங்கியில் ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். சும்மா நடப்பது அலுப்பாயிருந்த ஒரு காலையில் வழியில் யாரோ மரங்கொத்தியைக் காட்டிவிட்டார்கள். அன்றோடு நடை நின்றது. பறவை பார்ப்பவர் எங்கே நடக்கிறார்? நிற்கிறார். நாலு தப்படி, பிறகு அரை மணி நேரம் ஒரு புளியமரம். சர்க்கரை அப்படியே இருக்கிறது.

முதலில் பைனாகுலர் வாங்கினார். பெருக்கம் எவ்வளவுக்கெவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று 20 மடங்கு காட்டுவதாகத் தேடிப் பிடித்தார். மைனா பெரிதாகத்தான் தெரிந்தது. கை நடுக்கமும் 20 மடங்கானதால் அந்த மைனா பூகம்பத்தில் மாட்டிக்கொண்டது போல் ஆடியது. பிறகு விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லி 8x42 வாங்கினார். 8 என்பது பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். விட்டம் கூடினால் விடிகாலை மங்கலிலும் நன்றாகத் தெரியும். கற்றுக்கொண்ட நாள்முதல் இதைக் கேட்காதவர்களுக்கும் விளக்கி வருகிறார். காய்கறிக்காரர் உட்பட.

அடுத்து காமிரா, அதற்கு முழங்கை நீள லென்ஸ், ராணுவப் பச்சையில் சட்டை, தொப்பி. காட்டில் மறைந்து நிற்பதற்கான அந்த உடையில் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியருகே நிற்பவரை மூன்று தெரு தள்ளியும் அடையாளம் கண்டுகொள்ளலாம். இதே சென்னையில் இருந்த மா. கிருஷ்ணன், பல காமிராக்களின் பாகங்களைக் கூட்டிக் கட்டிய கருவியைத் தூக்கிக்கொண்டு காடு காடாய்த் திரிந்து படமெடுத்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டெரோஸா’ என்று பெயரும் வைத்திருந்தார். நம்மவரிடம் இதைச் சொன்னேன். அது எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்டார்.

மொட்டைமாடி விவகாரம் ஒருமுறை சங்கம் வரை போயிற்று. செயலாளர் நேரில் வந்தார்.

“சார், எதிர் ஃப்ளாட் மூணாவது மாடி பால்கனியையே பார்க்கறீங்கன்னு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு.”

“ஆமா சார், கார்த்தால ஏழு மணிக்கு டாண்ணு வந்துடறா. வீடு கட்டறதெல்லாம் அவதான். அவன் ஒரு துரும்பைத் தூக்கறதில்லே. பளபளன்னு டிரெஸ் பண்ணிண்டு பக்கத்துல உக்காந்து பாடிண்டிருக்கான்!”

செயலாளர் மூன்றாவது மாடிக் குடித்தனத்தைச் சற்று மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்தார். “இருந்தாலும் அது அவங்க குடும்ப விஷயம் சார்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஊதாப்பிட்டத் தேன்சிட்டுக் குடும்பத்தில் கூடு கட்டுவது பெண்தான் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

குரலை வைத்துப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியும் நம்மவர் கைபேசியில் உண்டு. ஒரு மத்தியானம் அருமையான ஒரு கீச்சொலி கேட்டது. செயலி பேசாமலிருந்தது. செயலிக்கே தெரியாத பறவையென்றால் லேசான சங்கதியா? பைனாகுலரோடு பால்கனிக்கு ஓடினார். ஒலி மறுபடியும் வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் கோபமாக. வாசலில் கூரியர் பையன் நின்றிருந்தான். கிளிக்குரலில் கூவும் அந்த அழைப்பு மணியை மாட்டியதே இவர்தான்.

ஆனால் இவர் படும் பாட்டைப் பள்ளிக்கரணையில் பார்க்க வேண்டும். 2022இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்ட சதுப்புநிலம் அது. ஒரு பக்கம் பூநாரை, மறுபக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, முதுகுக்குப் பின்னால் ரேடியல் ரோட்டு ஹாரன். நம்மவர் சேற்றோரம் ஒரு குட்டிப் பறவையைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் மூத்தவரிடம் மேலெல்லாம் சாம்பல், அடியில் வெள்ளை, அலகு கூர்மை என்று வர்ணிப்பார். பொறுமையாகக் கேட்டுவிட்டு மூத்தவர், “கால் என்ன நிறம்?” என்பார். சின்ன உள்ளானுக்குக் கால் கறுப்பு. டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள். கால் சேற்றுக்குள் இருக்கிறது. எடுத்தபிறகும் சேறு கூடவே வருகிறது. பறவைக்காரர்கள் முதல்முறையாகப் பார்க்கும் பறவையை ‘லைஃபர்’ என்பார்கள். அதற்காக அந்த உள்ளான் காலைக் கழுவுமா என்று வெயில் ஏறும்வரை காத்திருப்பார்.

வேடந்தாங்கலில் வேறு மாதிரி. சிறிய ஏரிதான், 30 ஹெக்டேர். ஊர்க்காரர்கள் 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய்ப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கியவர்கள். ஜீவகாருண்யம் பாதி, விவசாயம் பாதி: எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அப்பேர்ப்பட்ட ஊருக்கு உச்சிவெயிலில் போய் இறங்கி, கோபுரத்தின்மேல் ஏறி, “இதுல ஃபாரின் எது?” என்று கேட்டார் நம்மவர். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நத்தைக்குத்தி நாரையும் கரண்டிவாயனும் நம் நாட்டுப் பிரஜைகள் என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிட்டது. வடக்கிலிருந்து வந்து இறங்கும் ஊசிவால் வாத்தைக் காட்டினார்கள். பெயரைக் குறித்துக்கொண்டார், வாத்தைப் பார்த்தது ரெண்டு விநாடி. பெயர் தெரிந்துவிட்டால் பறவையின் வேலை முடிந்தது என்பது இந்தப் பருவத்துக்கே உரிய குணம். திருமணத்தில் மொய் எழுதிவிட்டுக் கிளம்புகிறவர்கள் இல்லையா?

இந்தக் குணம் ஒரே ஒருநாள் அவரைக் கைவிட்டது. ஓர் அக்டோபர் காலை, மோட்டார் ரூம் பின்னால் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கண்ணில் கறுப்புப் பட்டை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வரும் பறவை. காமிரா மாடியில் இருந்தது. நம்மவர் போய் எடுத்துவரவில்லை. தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடிக்கும்வரை அங்கேயே நின்றார். பட்டியலில் ஏற்றவே அன்று ராத்திரிதான் ஞாபகம் வந்ததாம். எனக்கென்னவோ, அவர் பறவை பார்க்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

பொங்கலுக்குள் பழைய நிலை திரும்பிவிட்டது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டி நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யாரும் எடுக்கலாம், எங்கிருந்தும் எடுக்கலாம், குறைந்தது 15 நிமிடம் நின்று எண்ண வேண்டும். பானை பொங்கும்போது வீடே கூவ, “இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு, கத்தாதேங்கோ!” என்றார் நம்மவர். மறுநாள் கனு. மாமி குளிக்குமுன் மொட்டைமாடியில் மஞ்சள் இலை பரப்பி, மஞ்சள் சாதமும் சிவப்புச் சாதமும் தயிர் சாதமுமாய்ப் பிடி வைத்தாள். நங்கநல்லூர்க் காக்கை மொத்தமும் இறங்கியது. நம்மவர் பரவசத்தோடு எண்ணத் தொடங்கினார். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று...

“ஏன்னா, அந்த நொண்டிக் காக்காவை விட்டுடுங்கோ” என்றாள் மாமி, கரும்புத் துண்டை இலையில் வைத்தபடி. “அது மூணாந்தரமா வரது.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“பதினோரு வருஷமா சாதம் போடறேன், தெரியாதா? இடப்பக்கம் சிறகு தொங்கறது பாருங்கோ, அதுவும் ரெண்டாந்தரம். கைப்பிடிச் சுவர்ல உக்காந்திண்டிருக்கே, அது சாப்பிட்டாச்சு. சும்மா வேடிக்கை பார்க்கறது.”

நம்மவர் கைபேசியில் முப்பத்துமூன்றை அழித்தார். கொஞ்சம் யோசித்து, “சரி, நீயே சொல்லு, நான் போட்டுக்கறேன்” என்றார்.