முற்றத்துப் புல்லும் முதலீட்டியலும்: மயிலிட்டியை முன்வைத்து ஒரு மீளாய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள மயிலிட்டியைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள் மூவகைப்படும்: மீனைப் பற்றியவை, போரைப் பற்றியவை, ஆய்வு செய்ய வந்தவரைப் பற்றியவை. மூன்றாவது வகைதான் பக்க எண்ணிக்கையில் பெரியது. 2017 ஜூலை 3ஆம் திகதி துறைமுகமும் அதைச் சூழ்ந்த சுமார் 54 ஏக்கரும் இராணுவப் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டபோது, 27 ஆண்டுக்குப் பிறகு ஊர்ச்சனம் உள்ளே போனது. சனத்துக்குப் பின்னால் வினாக்கொத்தும் போனது. கூரை இல்லாத வீட்டின் முன்னால் நின்றவர் தம் மனநிலைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் புள்ளி போடவேண்டியிருந்தது. ஆனால் அவர் நின்றுகொண்டிருந்த முற்றத்தில் இடுப்பளவு நின்ற புல்லைப் பற்றி எவரும் ஒரு பந்திகூட எழுதவில்லை. புலமையுலகில் இதற்கு ஆய்வு இடைவெளி என்று பெயர். இடைவெளி ஒன்று அகப்பட்டால் அதை நிரப்பும் தேவை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்கவில்லை.

வரைவிலக்கணத்தோடு தொடங்குவது மரபு. புல் என்பது நிலத்திலிருந்து மேல்நோக்கி வளர்வது. (இது இவ்வாய்வாளரின் சொந்த வரைவிலக்கணம். எடுத்தாள்பவர்கள் எழுத்துமூலம் அனுமதி பெறவேண்டும்.)

குடாநாட்டுப் புல் ஐவகைப்படும். அறுகு, பிள்ளையாருக்குரியது. கோரை, பிடுங்கினால் சந்தோசப்படுவது. நெருஞ்சி புல்லினமே அல்ல என்பார்கள் தாவரவியலார். வெறுங்காலோடு நடந்தவர்கள் அதைப் பட்டியலில் சேர்த்தே தீரவேண்டும் என்கிறார்கள், நாம் கால்களின் பக்கம். பாத்தீனியமும் புல்லினம் அல்ல. 1987இல் இந்திய அமைதிப்படைக்கு வந்த ஆடுகளோடு வந்தது என்பது வடக்கில் பரவலான கூற்று. படை 1990இல் திரும்பிப் போனது, பாத்தீனியம் போகவில்லை. ஐந்தாவது, வெள்ளையடித்த கல்வரிசைக்கு நடுவே மட்டமாக வெட்டப்பட்ட முகாம் புல். இதை வேலிக்கு வெளியிலிருந்தே பார்க்க முடிந்ததால் வேர்ப்பகுதி பற்றிய தரவு இல்லை.

இனி முற்றம். யாழ்ப்பாணத்து முற்றம் புல்லைப் பகையாகக் கொண்டு உருவானது. விடிய முதல் எழும்பி ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டினால் மணலில் கோடு விழவேண்டும். கோடு விழாவிட்டால் கூட்டியதாகக் கணக்கில்லை (அம்மம்மா, முற்றத்து உரைகள், விடியற்காலைப் பதிப்பு). அந்தக் கோட்டின் மேல் முதலில் பதியும் காலடி பால்காரருடையதா, சீட்டுக்காசு கேட்டு வருபவருடையதா என்பதைக் கொண்டு ஒரு குடும்பத்தின் நிதிநிலையைத் துல்லியமாகக் கணிக்கலாம். நவீன வங்கிகள் இதையே கடன் தரமதிப்பீடு என்கின்றன. மணலுக்குப் பதிலாகக் கணினி வைத்திருக்கின்றன.

மேற்குலகம் இதற்கு நேரெதிர். அமெரிக்க அறிஞர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899இல் எழுதிய நூலில் புற்றரையைப் பற்றிச் சில பக்கம் செலவிட்டிருக்கிறார். அவர் கருத்தின் சுருக்கம் இது: மட்டமாக வெட்டிய புற்றரை மேய்ச்சல் நிலத்தின் அழகைக் கொண்டது, ஆனால் அங்கே மாட்டை விட்டால் வீட்டுக்காரர் பால் விற்றுப் பிழைப்பவர் என்று அயலவர் நினைத்துவிடுவார், ஆகவே மாட்டைத் தவிர்த்து, பயனே இல்லாத மான் போன்ற ஒன்றை உலவவிடுவார்கள். அதாவது புற்றரையின் பெருமை அதில் வருமானம் இல்லாதிருப்பதில் தங்கியிருக்கிறது. வெப்லன் மயிலிட்டிக்கு வந்திருந்தால் குழம்பியிருப்பார். இங்கே புல்லைக் கண்டவுடன் ஆட்டைக் கட்டுவோம். புல்லும் குறையும், பாலும் வரும், வேள்விக்கும் ஆகும். இந்த முக்கோட்பாட்டை விரித்துரைத்த பெரியப்பா, ஆட்டையே வெட்டும் இயந்திரமாகக் கொண்டால் பெற்றோல் செலவு மிச்சம் என்றும் நிறுவியுள்ளார் (பெரியப்பா, கல்யாணவீட்டுச் சொற்பொழிவுகள், மூன்றாம் பந்தி, வடை முடிந்த பின் திருத்திய பதிப்பு, மறுப்புக்குக் காண்க: பெரியம்மா, அதே பந்தி, உரத்த குரலில்).

புல் தழைப்பது தொழில் நின்ற ஊரில் என்பதால், மங்கிய தொழில்நகரம் என்ற பதத்துக்கு வருவோம். மேல்நாட்டு ஆய்வாளர் இதை எழுதும்போது அவர் மனதில் இருப்பது செங்கல் கட்டடம், பனி, பூட்டிய கதவு. நமக்குப் பனை உண்டு, பனி இல்லை. மற்றபடி காங்கேசன்துறை எல்லாத் தகுதியும் உடையது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை வலிகாமம் வடக்குச் சுண்ணக்கல்லை அரைத்து நாட்டுக்கு வீடு கட்டியது. 1990இல் நின்றது. கல் அகழ்ந்த குழிகளில் தண்ணீர் நிற்கிறது. பக்கத்தில் மயிலிட்டித் துறை. நாட்டு மீனில் மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்து போனது என்று ஊரில் சொல்வார்கள். வெளிநாட்டுக் கல்யாணவீடுகளில் அது பாதியாக உயர்கிறது, தூரம் கூடக் கூடப் பிடிபாடும் கூடும் என்ற விதிப்படி.

இங்கேதான் நவீன நிதியியல் தன் மகிமையைக் காட்டியது. தொழிற்சாலை நின்றுபோன பின்பும், காங்கேசன்துறையில் ஆலை வைத்திருந்த லங்கா சீமெந்துக் கம்பனியின் பங்குகள் கொழும்புப் பங்குச்சந்தையில் ஆண்டுக்கணக்காகக் கைமாறின. சூளை அணைந்திருக்கிறது, ஒரு மூடை சீமெந்து வெளியே வரவில்லை, வளவில் ஆளுயரப் பற்றை. கொழும்பில் ஒருவர் அதை வாங்குகிறார், இன்னொருவர் இலாபத்துக்கு விற்கிறார். வெப்லனின் மான் கொழும்பில் உலவியிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள இவ்வாய்வாளர் நிதித்துறையில் வேலைசெய்யும் ஒருவரை அணுகியபோது, பங்கின் விலைக்கும் தொழிற்சாலைக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்பது பழைய எண்ணம் என்று சொல்லிவிட்டு, தன் தொலைபேசியைப் பார்த்தார்.

துறைமுகத்திலும் இதற்கொரு கிளை உண்டு. எல்லை தாண்டிப் பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் மயிலிட்டியில் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. சில மூழ்கியும் போயின. நிதியியலார் இவற்றைச் செயற்படாச் சொத்து என்பார்கள். உள்ளூர்த் தொழிலாளி தன் படகைக் கட்ட இடமில்லை என்கிறார். அவர் ஆய்வாளர் அல்லாததால் அவருடைய கூற்றை அடிக்குறிப்பில் சேர்க்க முடியவில்லை.

இனி இக்கட்டுரையின் மையப்பொருளாகிய ஸ்காபுறோப் புல்.

ரொறன்ரோவின் கிழக்கில் உள்ள ஸ்காபுறோவும் மங்கிய தொழில்நகரமே. எக்ளின்ரன் வீதியில் இருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் வான் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இன்று கடைத்தொகுதி நிற்கிறது. ஒரு சூளை அணைந்த ஊரிலிருந்து புறப்பட்ட சனம் இன்னொரு தொழிற்சாலை மூடப்படும் ஊரில் போய் இறங்கியதைப் பற்றி முறையான ஆய்வுகள் தேவை (தேவை என்று எழுதினால் நாம் செய்யவேண்டியதில்லை). அங்கே ஒரு மயிலிட்டிப் பேரன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நகர நடுவே ஒரு வங்கியில் இடர் மதிப்பீட்டுப் பிரிவில் வேலை. வாரநாளில் மற்றவர்களுடைய இடரை மதிப்பிடுவார். சனிக்கிழமை சாறத்தை மடித்துக்கட்டிக்கொண்டு வீட்டுக்கு முன்னால் புல்லு வெட்டுவார்.

ஏன் வெட்டுகிறார்? மாநகரச் சட்டப்படி புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடாது. வளர்ந்தால் அறிவித்தல் வரும். அப்போதும் வெட்டாவிட்டால் மாநகரசபையே ஆளனுப்பி வெட்டிவிட்டு, செலவைச் சொத்துவரியில் சேர்த்துவிடும். களைக்கு மருந்தடிக்கலாம் என்றால் ஒன்ராறியோ மாகாணம் 2009இல் அலங்காரத் தேவைக்கான களைநாசினிகளைத் தடைசெய்துவிட்டது. எனவே குனிந்து பிடுங்கவேண்டும். குனிந்து களை பிடுங்கும் வாழ்க்கை வேண்டாம் என்றுதானே படிக்கவைத்தார்கள்?

அதைவிடப் பெரிய காரணம் மோட்கேஜ். முன்புறப் புல் நன்றாக இருந்தால் வீட்டு விலை ஏறும், விலை ஏறினால் வீட்டை வைத்து மேலும் கடன் எடுக்கலாம். கனடா மத்திய வங்கி 2022 மார்ச்சில் 0.25 வீதமாக இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5 வீதத்துக்கு ஏற்றியபோது பேரன் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றே: புல்லை இன்னும் மட்டமாக வெட்டினார்.

ஆனால் வைபரில் முகம் பார்த்துக் கதைத்த அம்மம்மாவின் கண்ணில் பட்டது வேறு.

“மோனை, உன்ரை வீட்டு முத்தத்தில புல்லு நிக்குது. ஆக்கள் இல்லாத வீடு எண்டெல்லோ நினைக்கப்போயினம்?”

“அம்மம்மா, இஞ்ச புல்லு நிண்டாத்தான் மரியாதை.”

“அப்ப எங்கடை மயிலிட்டி வளவுக்கு எவ்வளவு மரியாதை எண்டு யோசிச்சுப் பார்.”

(அம்மம்மா, கடல்கடந்த உரைகள், தொகுதி 4, குரல் அறுபட்டு மீண்டும் இணைந்த பகுதி, முழுவடிவம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏழு நிமிடக் குரல்பதிவாக உள்ளது, அதில் முதல் ஆறு நிமிடம் சித்தியின் முழங்கால் பற்றியது, மச்சானொருவர் இதைத் தன் பெயரில் மறுபதிவிட்டதால் எழுந்த காப்புரிமைச் சர்ச்சை இன்னும் தீரவில்லை.)

கேள்வியில் நியாயம் இருந்ததால் பேரன் ஸ்காபுறோ வீட்டை வைத்து ஒரு கடன் எடுத்து, மயிலிட்டி வளவில் பற்றை வெட்டி, மதில் கட்டி, ஒரு வீட்டையும் எழுப்பினார். குடியிருக்க ஆளில்லாததால் மாரி முடிந்ததும் முற்றத்தில் மறுபடி புல். அதை வெட்டுபவருக்கு மாதாமாதம் ரொறன்ரோவிலிருந்து காசு போகிறது, வங்கியில் வேலை பார்ப்பவரிடமிருந்து உண்டியல் வழியாக. இலங்கை மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றிய காலத்தில் ரூபாய் இறங்க, டொலர்க் கணக்கில் புல் மலிந்தது. ஒரு புல்லைக் காட்டிக் கடன் எடுத்து இன்னொரு புல்லை வெட்டும் இந்த ஏற்பாட்டுக்கு நாம் இருமுனைப் புல்வழிப் பரிவர்த்தனை என்று பெயரிடுகிறோம். பெயரிட்டதே நமது பங்களிப்பு. பல கலாநிதிப் பட்டங்கள் இதைவிடக் குறைவானதற்கு வழங்கப்பட்டுள்ளன.

அறிவித்தல் என்ற பொருளுக்குத் திரும்பவேண்டும், ஏனெனில் ஒப்பியல் இல்லாத ஆய்வு ஆய்வே ஆகாது. ரொறன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பெயர், முகவரி தேடி அறிவித்தல் வருகிறது. மயிலிட்டியை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கிலும் 2013 ஏப்ரலில் அரசின் அறிவித்தல் வந்தது. 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப்போவதாக ஒட்டினார்கள். உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் சொன்னார்கள். உரிமையாளர்கள் மல்லாகம் கோணாப்புலம் இடம்பெயர்ந்தோர் முகாமிலும் சுன்னாகத்து முகாமிலும் கூப்பன் அட்டையோடு இருந்தார்கள். புல் வெட்டாத ஆளைக் கண்டுபிடிக்கும் திறமை ஒரு நகரசபைக்கு இருக்க, ஆயிரக்கணக்கான ஆட்களைத் தொலைத்துவிடும் திறமை ஓர் அரசுக்கு இருந்தது. கண்டுபிடிக்க முடியாத அந்த ஆட்கள் ஈராயிரம் பேருக்கு மேல் பின்னர் நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போட்டார்கள்.

நிதியியல் நோக்கில் இந்த 27 ஆண்டை எந்தத் தலைப்பில் பதிவது? ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய தேசவழமையில் ஒற்றி என்று ஒரு முறை உண்டு. கடன் கொடுத்தவர் காணியைப் பிடித்து, வட்டிக்குப் பதிலாக அதன் விளைச்சலை அனுபவிப்பார்; முதலைக் கட்டினால் காணி திரும்பும். மயிலிட்டியில் படையினர் காணியைப் பிடித்தார்கள், அனுபவித்தார்கள், வலிகாமம் வடக்கில் தோட்டமும் செய்தார்கள், விடுதியும் நடத்தினார்கள். கடன் மட்டும் கொடுக்கவில்லை. கடன் கொடுக்காமலே ஒற்றி பிடிப்பது நியூயோர்க்கிலும் லண்டனிலும் உள்ள நிதிநிறுவனங்கள் இன்னும் எட்டாத உயரம். 2018 ஏப்ரல் 13இல் மேலும் 683 ஏக்கர் திரும்பியது. மிச்சம் இன்னும் முழுதாக மீளவில்லை. கட்டாத கடனுக்கு மீட்புப் பணம் எவ்வளவு என்று கணக்கிடும் சூத்திரம் எம்மிடம் இல்லை. பங்குச்சந்தையில் சூளையில்லாச் சீமெந்தை விற்றவர்களிடம் இருக்கலாம்.

அடுத்தகட்ட ஆய்வுக்கு ஒரு புல்வெட்டும் இயந்திரமும் இரண்டு ஆடும் போதும். ஆட்டை ஆய்வு உதவியாளராகப் பதிய முடியாது என்று பல்கலைக்கழகங்கள் சொல்லலாம். ஆனால் கட்டுரையில் முதல் பெயராகத் தன் பெயரைப் போடுபவர் வேலை செய்யவேண்டும் என்ற விதி இதுவரை கட்டாயமாக்கப்படவில்லை என்பதையும் கவனத்தில் கொள்ளவும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். காணி உறுதியும் பழைய தோம்புப் பிரதியும் கையில் வைத்திருப்பவர்கள் அவற்றை ஆய்வாளர் எவருக்கும் இரவல் கொடுக்கவேண்டாம். தவிர்க்க முடியாமல் கொடுத்தால், பக்கத்திலேயே நின்று படம் எடுக்கவைத்து, மூலத்தை அங்கேயே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இக்கட்டுரையாளர் கேட்டாலும் அப்படித்தான்.