அண்டை வீட்டு அகத்திணை: வாடகைக்கு விட வீடு வாங்குவோர் பொருட்டு ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

குடியிருக்க வீடு வாங்குபவர் பக்கத்து வீட்டுக்காரரோடு தாமே நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம். வாடகைக்கு விடுவதற்கென்று முதல் வீடு வாங்குபவருக்கு அந்தப் பேறு இல்லை. சண்டை மேடவாக்கத்தில் நடக்கும். அவர் அம்பத்தூரில் உட்கார்ந்து போனில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்குகிறவர்கள் ஆராயாமல் இல்லை. தாய்ப் பத்திரம் தேடுகிறார்கள். 30 ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். பட்டாவில் பெயரை எழுத்தெண்ணிப் படிக்கிறார்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று 9 சதவீதம் அரசுக்குக் கட்டுகிறார்கள். பழைய அடமானம் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். ‘எவன்டா இங்க வண்டிய நிறுத்தினது?’ என்று விடியற்காலையில் கத்துகிறவர் அதில் வரமாட்டார். பதிவுக்கு வராத அந்த வில்லங்கமே இங்கு ஆய்வுப் பொருள்.

2. புரோக்கர் உரை

இத்துறையில் முற்பட்ட உரை புரோக்கருடையது. ‘அக்கம்பக்கமெல்லாம் டீசன்ட் சார்’ என்பது எல்லாப் பிரதிகளிலும் காணப்படும் பொதுப் பாடம்; அதைக் கொண்டு எதுவும் துணிய முடியாது. ‘அவங்க உண்டு அவங்க வேலை உண்டுன்னு இருப்பாங்க’ என்றால், இரு வீட்டாரும் பேசிக் காலமாயிற்று என்பது பொருள். ‘கொஞ்சம் ஸ்ட்ரிக்டான மனுஷர், ஆனா தங்கம்’ என்ற தொடரில் ‘ஆனா’வுக்குப் பின் வருவது இடைச்செருகல் எனக் கொள்க.

3. திணைப் பகுப்பு

தொல்காப்பியர் ஐந்திணை வகுத்தது காதலர் பொருட்டு. அது குடித்தனக்காரருக்கும் பிசகாமல் பொருந்துவதை உரையாசிரியர்கள் எவரும் கவனிக்கவில்லை. அவர்கள் சொந்த வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

குறிஞ்சி, புணர்தல்: அட்வான்ஸ் கைமாறி ஒப்பந்தம் கையெழுத்தாகும் நிலை. இதற்குரிய சிறுபொழுது யாமம். குடிவந்த முதல் நாள் நள்ளிரவில்தான் பக்கத்து மாடியில் நாய் இருப்பது தெரியவரும்.

முல்லை, இருத்தல்: பொறுத்துக்கொண்டு இருத்தல். பொழுது மாலை. வேலை முடிந்து வரும் தலைவன் தன் வாசலில் பிறர் கார் நிற்கக் கண்டு, பைக்கோடு தெருவைச் சுற்றி வருவான்.

மருதம், ஊடல்: பொழுது வைகறை. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுவதும், தொட்டி நிரம்பி நம் சுவரில் வழிவதும் அப்போதுதான். மருதத்தில் தூது போகும் பாணனின் இடம் இங்கு ஹவுஸ் ஓனருக்கு. பாணனைப் போலவே இரண்டு பக்கமும் வசை வாங்குவார். வாயில் மறுத்தலும் உண்டு. காலிங்பெல் எத்தனை அடித்தாலும் கதவு திறக்காது.

நெய்தல், இரங்கல்: இது முழுக்க ஓனருக்கு உரியது. வாடகை நின்றாலும் வங்கித் தவணை நிற்பதில்லை.

பாலை, பிரிதல்: பொழுது நண்பகல். தெருவில் குட்டியானை வண்டி நிற்கும். பீரோ கயிற்றில் இறங்கும். பாலைக்குத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் திரிந்தே பாலையாகும் என்பர். இரண்டு படுக்கையறையும் கார்ப்பரேஷன் தண்ணீரும் உள்ள வீடு டூலெட் போர்டு தாங்கி நிற்பதைப் பார்த்தவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

4. சட்டச் சான்றுகள்

சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882 விற்பவரின் வாயைத் திறக்கப் பார்க்கிறது. சாதாரணக் கவனத்தில் பிடிபடாத முக்கியக் குறைகளை அவர் சொல்லியாக வேண்டும். ஆனால் அது பேசுவது சொத்திலும் உரிமையிலும் உள்ள குறையை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் லுங்கியோடு நிற்கும் குறையை அன்று. அதே ஆண்டு வந்த வசதியுரிமைச் சட்டமோ, 20 ஆண்டு தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு ஒருவர் பயன்படுத்திய வழியை அவருக்கே உறுதி செய்கிறது. நம் சந்து வழியாக அவர் கொல்லைக்குப் போய்வந்த காலத்தை நாம் விசாரித்திருக்க மாட்டோம்.

ஒலி மாசு விதிகள் 2000 குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பிட்டன. மேற்படி நாய்க்கு இது சார்வு செய்யப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் உரிமையாளர், வாடகைதாரர், சொத்து மேலாளர் என மூவருக்குக் கடமை வகுத்தது. கதையின் முக்கியப் பாத்திரம் அதில் விடுபட்டுவிட்டது.

5. மூலாதாரம்

அந்தத் தெருவின் ஆவணக் காப்பகம் இஸ்திரி வண்டி. எந்த வீட்டில் யார் எத்தனை மாதம் தங்கினார்கள், கடைசியாகப் போனவர்கள் ஏன் போனார்கள் என்பதெல்லாம் அங்கே உண்டு. நான்கு சட்டையாவது கொடுத்துவிட்டுக் கேட்பது ஆய்வு நெறி. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வீடு பார்ப்பவர் எதையும் பார்க்கவில்லை. யாமத்தில் ஒருமுறையும் வைகறையில் ஒருமுறையும் போக வேண்டும்.

6. முடிபு

கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தைக் கவனித்தால் ஒன்று விளங்கும். இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு என்று நான்கெல்லை சொல்லி, இதற்குட்பட்ட இடம் என்றுதான் நம் சொத்து அதில் வருகிறது. அண்டை வீட்டாரைக் கழித்தால் நமக்கு மனையே இல்லை. எனவே வீட்டின் விலையில் அவரும் அடக்கம். அவர் பத்திரத்தை அடுத்த முறை எழுதும்போது எல்லையாக நம் பெயர் ஏறும் என்பதும் இதிலிருந்து பெறப்படும். அவர் கணக்கில் தொல்லை தொடங்கியதே, தெருவில் குடியிருக்காத ஒருவர் இந்த வீட்டை வாங்கி வருஷத்துக்கொரு குடித்தனம் வைத்தபோதுதான். இக்கருத்தை மறுக்கத் தக்க சான்று எதுவும் இவ்வாய்வில் கிட்டவில்லை.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் அந்த வீட்டுப் படியேறி, பெயர் சொல்லி, ஒரு காபி குடித்துவிட வேண்டும். ‘யாருக்கு வாடகைக்கு விடப்போறீங்க?’ என்று அவர் நச்சரித்தால் தாராளமாக வாங்கலாம். நம் வீட்டுக்குச் சம்பளமில்லாத காவல் கிடைத்தது. நீர் கசிந்த சுவரைத் தாமே காட்டினால் விலையைக் குறைத்துப் பேசலாம். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், மனு நகல்களும் ஒப்புகைச் சீட்டுகளும் தேதிவாரியாகக் கோத்த பிளாஸ்டிக் பைலை எடுத்துவந்தால், காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புக.