பேய்க்குக் கோழி, கோழிக்குக் கரித்துண்டு

பேய்களுக்கு உடுப்பு தைக்கிற மாவட்டம் எங்களுடையது. அக்டோபர் 31-ஆம் தேதி இரவு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிள்ளைகள் எலும்புக்கூடு அச்சடித்த பைஜாமாவைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அந்த எலும்புகளில் சிலவற்றையாவது திருப்பூர் வட்டாரத்துப் பவர் டேபிளில்தான் மூட்டியிருப்பார்கள். வைகாசி வெயிலில் கட்டிங், ஆனியில் தையல், ஆடிக் காற்றோடு கப்பல். மண்டையோட்டுக்கு ஒரு பல் குறைகிறது என்று பையர் கழித்துப்போட்ட பீஸ் காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்துவிடும். அதனால்தான் ஹாலோவீன் என்ற பேரையே கேட்டிராத பிள்ளையும் இருட்டில் மின்னுகிற விலா எலும்போடு சிவன்மலைப் படியேறிக்கொண்டிருக்கும்.

கோழிக்கும் நாங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. பல்லடத்தில் அறிவிக்கிற கறிக்கோழிப் பண்ணை விலையைப் பார்த்துத்தான் எத்தனையோ ஊர்க் கறிக்கடைகளில் பலகையின் எண்ணை அழித்து எழுதுகிறார்கள். ஆக, உடுப்பு உள்ளூர், கோழி உள்ளூர். பேய் ஒன்றுதான் வெளியூர்ச் சரக்கு. அதையும் 2025-ல் எங்கள் லே-அவுட் பிள்ளைகள் இறக்குமதி செய்துவிட்டார்கள். ஹாலோவீன் பார்ட்டியாம். எல்லாரும் பேய் வேஷத்தில் வரவேண்டுமாம். சாப்பாடும் பேய் வேஷத்தில் இருக்கவேண்டுமாம். கோழி என் தலையில் விழுந்தது.

முதல் இடைஞ்சல் பேயால் வரவில்லை, தினசரி கேலண்டரால் வந்தது. அக்டோபர் 31 வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கெழமை கவுச்சியா? ஏனம்மிணி, உனக்கென்ன பேய் புடிச்சிருக்குதா?" என்றார் அத்தை.

பிடிக்கத்தானே பார்ட்டியே வைக்கிறோம் என்று மாமியாரிடம் சொல்ல முடியுமா? கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். புரட்டாசி முழுக்கக் கறி கிடையாது. ஐப்பசி பிறந்ததும் 20-ஆம் தேதி தீபாவளி. அது முடிந்த கையோடு கந்த சஷ்டி விரதம், 27-ஆம் தேதி சூரசம்ஹாரம். முந்தைய வருஷம் இன்னும் மோசம். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள். காலையில் கறி எடுத்தவர்கள் தப்பித்தார்கள். பிற்பகலிலேயே அமாவாசை தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரப் பேய் நம் ஊருக்கு வரவேண்டுமானால் நாள் நட்சத்திரம் பார்க்கக் கற்றுக்கொண்டுதான் வரவேண்டும். கடைசியில் பார்ட்டியை நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினோம். "ரெண்டு நா பொறுக்காத பேயி என்ன பேயி?" என்று அத்தையும் அனுமதி கொடுத்துவிட்டார்.

அடுத்தது பூசணி. எங்கள் பக்கம் அதற்கு அரசாணிக்காய் என்று பேர். அயர்லாந்தில் ஆதியில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்களாம். பிழைக்க அமெரிக்கா போனவர்களுக்கு அங்கே அரசாணிக்காய் கிடைத்தது. கிழங்கைக் குடைகிற கஷ்டம் விட்டது. பிள்ளைகள் அதில் கண், மூக்கு, கோணல் பல் எல்லாம் வெட்டித் திண்ணையில் வைத்தார்கள். அத்தை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். புது வீட்டு முகப்பில் மீசையும் கோரைப்பல்லும் எழுதித் தொங்கவிடுகிற திருஷ்டிப் பூசணியை ஆயுசு முழுக்கப் பார்த்தவர் அவர்.

"இதை எங்க கட்டறது, நெலவுக்கு மேலயா?"

"இல்லீங்க அத்தை, உள்ளாற வெளக்கு வெச்சு வாசல்ல வெக்கறதுங்க."

"அப்ப வெள்ளைக்காரனுக்கும் கண்ணு படும்ங்கறே" என்று சொல்லிவிட்டு, வெட்டி எடுத்த சதையைப் பொரியலுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஹாலோவீனைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இனி அடுப்படி. முதல் அயிட்டம் சூனியக்காரி விரல். எலும்பில்லாத நெஞ்சுக்கறியை விரல் நீளத்துக்கு அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், முட்டை, கொஞ்சம் அரிசிமாவு போட்டுப் பிசறி வைத்தேன். கணு தெரிவதற்காக நடுவில் கத்தியால் இரண்டு கீறல். நுனியில் நகம் வேண்டும். வெளிநாட்டில் பாதாம் பருப்பைப் பதிக்கிறார்கள். தெருவுக்குத் தெரு தேங்காய்ப் பருப்பு காய்கிற எங்கள் காங்கேயத்தில் பாதாமுக்கு என்ன வேலை? பள்ளிபாளையம் சிக்கனுக்கு வரமிளகாய், சின்ன வெங்காயத்தோடு போடுவோமே, அந்தத் தேங்காய்ச் சில்லையே நகமாக நறுக்கி, மைதாப் பசை தொட்டு ஒட்டினேன். எண்ணெயில் விழுந்ததும் கறி சுருங்கியது, நகம் சுருங்கவில்லை. வெட்டாமல் வளர்த்த நகம் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. சில்லின் ஓரத்தில் ஒட்டியிருந்த பழுப்புத் தோல், நகக்கண்ணில் சேர்ந்த அழுக்காக அமைந்துவிட்டது. பாதாமில் இந்த அழுக்கு வராது.

இரண்டாவது, எகிப்துப் பிணம். கோழிக்காலை மசாலாவில் முக்கால் வேக்காடு வேகவைத்து, சப்பாத்தி போலத் தேய்த்த மைதாவை நாடா நாடாக அறுத்துச் சுற்றி, இடுக்கில் இரண்டு மிளகைக் கண்ணாக வைத்துப் பொரிக்கவேண்டும். நாடா முழுசும் ஒரே அகலத்தில் இருந்தால் அழகாக இருக்காது. கிழிந்த துணிபோல ஏற்ற இறக்கமாக அறுக்கவேண்டும். கம்பெனியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்ததும், "ஏம்புள்ள, கோழிக்கால்ல பனியன் வேஸ்ட்டைச் சுத்தி வெச்சிருக்கறே?" என்றார். மூவாயிரம் வருஷத்துப் பாரோக்களின் மானம் ஒரு நிமிஷத்தில் போயிற்று. இருந்தும் ஒரு காலை எடுத்துக் கடித்துவிட்டு, "ஸ்டிச்சிங் பரவால்ல, ஃபினிஷிங் பத்தாது" என்று செக்கிங் ரிப்போர்ட்டும் கொடுத்தார்.

மூன்றாவது, ரத்தம். தட்டின் ஓரத்தில் தக்காளி சாஸைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தபோது அத்தை எட்டிப் பார்த்தார்.

"அதென்ன?"

"ரத்தமுங்க அத்தை. சும்மா, பயங்காட்டறதுக்கு."

"ரத்தம் வேணும்னா சொல்றதுக்கென்ன? காலைல பொரிச்சதுல ஒரு கரண்டி எடுத்து வெச்சிருப்பனே."

எனக்குக் கை நின்றுவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் எங்கள் வீட்டு இட்லிக்கு ஆட்டு ரத்தப் பொரியல். மத்தியானம் குடல் குழம்பு. அடுத்த வீட்டில் தலைக்கறி, எதிர்வீட்டில் மூளை வறுவல், சளி பிடித்த பிள்ளைக்கு ஆட்டுக்கால் சூப். நெஞ்சுக்கறியை விரலாக்கி, சாஸை ரத்தமாக்கி, வெளிநாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒருநாள் மெனக்கெட்டு ஜோடிக்கிற பயங்கரத்தை நாங்கள் வாராவாரம் பத்து மணிக்குள் தின்று முடித்துவிட்டுக் கையைக் கழுவுகிறோம். அசல் ரத்தத்தை இட்லியோடு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்ற என் மகள், பொழுதோட தக்காளி சாஸைப் பார்த்து "அய்யோ ரத்தம்!" என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பயப்படுவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்போல.

ஆனால் அத்தையைப் பயமற்றவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கும் பேய் பயம் உண்டு. அது தட்டில் இருக்கிற பேய் அல்ல, வழியில் இருக்கிற பேய். எங்கள் வீட்டிலிருந்து பார்ட்டி நடக்கும் மொட்டை மாடிக்கு ஒரு புளியமரத்தைத் தாண்டிப் போகவேண்டும். இருட்டுகிற நேரம், கையில் கறி. பொரித்த கறி வாசத்துக்குப் பேய் பின்னாலேயே வரும் என்பது எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. டப்பாக்களை மூடப்போன என்னை நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு அடுப்புக்கரித் துண்டு, ஒரு வேப்பிலைக் கொத்து வைத்தார். பெரிய டப்பாவுக்கு மட்டும் உபரிக் காவலாக ஒரு இரும்பாணி.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அவர்கள் ஊர்ப் பேய் வாசலில் நின்று மிட்டாய் கேட்கிறது, கொடுத்தால் போய்விடுகிறது. எங்கள் ஊர்ப் பேய்க்கு மிட்டாய் ஆகாது, அது கறி தின்கிற ஜாதி. அவர்கள் கோழியைப் பேயாக்குவதற்குப் பாடுபடுகிறார்கள். நாங்கள் காலங்காலமாக அந்தக் கோழியைப் பேயிடமிருந்து காப்பாற்றி வீடு சேர்ப்பதற்குப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம்.

மொட்டை மாடியில் டப்பாவைத் திறந்ததும் பிள்ளைகள் கும்மாளமிட்டார்கள். விரலும் பிணமும் வேப்பிலைக்கு நடுவே படுத்திருந்த அழகில், எல்லாம் நான் யோசித்துச் செய்த அலங்காரம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அக்கா செல்போனில் படமே எடுத்துக்கொண்டார். என் மகள் மட்டும் கரித்துண்டைக் கையில் எடுத்து, "அப்பத்தா, இது எதுக்கு?" என்றாள்.

"அது இருந்தா பேய் அண்டாது சாமி."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்பறம் நம்ம பார்ட்டிக்கு யாரு வருவாங்க?"

மண்டையோடும் கொம்பும் வாலுமாகச் சாஸ் பூசிய வாயோடு அடுத்த விரலுக்கு அடித்துக்கொண்டிருந்த கூட்டத்தை அத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இத்தனை பேரு வந்திருக்கீங்களே கண்ணு, இன்னுங்கூட வேணுமாக்கும்?"