பாடிக்கு மேற்கே ஒரு நட்டு

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். ஸ்பானர், ஜாக்கி, பனியன் வேஸ்ட் எல்லாவற்றையும் தெருவில் கடன் வாங்கிக்கொள்ளலாம்; ஞாயிற்றுக்கிழமையை யாரும் தரமாட்டார்கள். அதுவும் விருந்தாளி வராத, தண்ணீர் லாரி வராத, மச்சினன் வீட்டுக் காதுகுத்து இல்லாத ஞாயிறாக இருக்கவேண்டும். அம்பத்தூர்வாசிக்கு அப்படி வருஷத்தில் இரண்டு வாய்த்தால் அதிகம். நல்லவேளையாகப் பெரும்பாலான கார்களுக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும், எது முதலில் வருகிறதோ அது. சி.டி.எச். ரோட்டு நெரிசலில் தினமும் ஓட்டுகிறவருக்கு வருஷம்தான் முதலில் வரும்.

அடுத்துத் தேவைப்படுவது தன்னம்பிக்கை. அதற்குச் செலவே இல்லை, இந்தப் பக்கத்துக் காற்றிலேயே இருக்கிறது. பாடியில் ஒரு கம்பெனி பிரேக் செய்கிறது, இன்னொன்று சக்கரம் செய்கிறது. லூகாஸ் டி.வி.எஸ். 1961இல் தொடங்கி ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் செய்து வந்திருக்கிறது. சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1966இலிருந்து போல்ட்டும் நட்டும் போடுகிறது. காருக்கு வேண்டியதில் பாடியில் செய்யாதது பாடி ஒன்றுதான். இந்தப் பக்கம் வந்தால் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி, டன்லப் டயர் கம்பெனி இருந்த இடம். இன்னும் மேற்கே போனால் ஆவடி. 1965இல் முதல் விஜயந்தா டேங்க் உருண்டு வெளியே வந்த ஊர். சுமார் 40 டன் டேங்க்கைப் பூட்டிய மண்ணில் பிறந்தவனுக்கு, ஒரு டன்னைக்கூட எட்டாத காரின் சக்கரத்தைக் கழற்றத் தெரியாதா என்று தோன்றும். தோன்றட்டும். காலை ஒன்பது மணிவரை அந்த நினைப்பு நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்.

ஒன்பது மணிக்கு பானெட்டைத் திறக்கிறீர்கள்.

பானெட் திறக்கும் சத்தம் எங்கள் பக்கத்தில் கோயில் மணி மாதிரி. கேட்டவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொரு தெருவிலும் மூன்று பேர் உண்டு, எல்லோரும் ரிட்டயர்டு. ஒருவர் ஆவடி டேங்க் ஃபேக்டரி சார். ஒருவர் பாடி போல்ட் சார். வேலையை விட்டுப் பத்து வருஷமாகியும், ஒரு நட்டைக் கையில் கொடுத்தால் கட்டைவிரலால் மரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். மூன்றாமவர் சைக்கிள் கம்பெனி சார். இவர் அதிகம் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் "காத்து பாரு தம்பி" என்பார். மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, மூன்று காப்பி, அதில் இரண்டு சர்க்கரை இல்லாமல். காரோடு கொடுத்த மேனுவலில் இந்தப் பக்கம் மட்டும் விடுபட்டிருக்கும்.

சுலபமானதிலிருந்து தொடங்குங்கள். ஆயில் அளவு பார்க்க காரைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறியபின் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுக்கவேண்டும். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். சிக்கல் சமதளத்தில்தான். ரோட்டை ஒவ்வொரு தடவை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போக, வீடு பள்ளத்துக்குப் போய், நீங்கள் கேட்டுக்கு ஒரு சறுக்கு கட்டியிருப்பீர்கள். சறுக்கில் மூக்கு மேலே பார்க்க நின்றால் குச்சி ஒரு கணக்குச் சொல்லும், திருப்பி நிறுத்தினால் வேறு கணக்குச் சொல்லும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கலாம் என்பார் டேங்க் சார். கேட்காதீர்கள். பக்கத்துக் கல்யாண மண்டப வாசல்வரை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. இதைச் சொல்லும்போது போல்ட் சார் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவார். அவருடைய கம்பெனிதான் 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பிப் பேர் வாங்கியது. "அது வெறும் மூடி இல்ல தம்பி, குக்கர் வெயிட்டு" என்பார், சரியாகவே சொல்வார். உள்ளே அழுத்தம் ஏற ஏற, தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மூடியைத் திருகிய மாத்திரத்தில் அத்தனையும் ஒரே மூச்சில் கொதித்து உங்கள் முகத்துக்கு வரும். ஆறியபிறகும் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். பாத்ரூம் குழாயின் வாயில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதேதான் ரேடியேட்டருக்குள்ளும் பூக்கும். கூலன்ட் என்று தனியாக விற்கிறார்கள்.

ஏர் ஃபில்டரை வெளியே எடுத்துத் தட்டுங்கள். போரூரிலிருந்து பூந்தமல்லிவரை மெட்ரோ தூண் எழுப்பிய காலத்தின் மண் அதில் படலம் படலமாக இருக்கும். காகித ஃபில்டரைத் துணி மாதிரி சோப்புப் போட்டு அலசுகிறவர்களும் உண்டு; அவர்கள் புதிதாக ஒன்று வாங்குவார்கள். பேட்டரியில் கை வைப்பதானால் மைனஸைத்தான் முதலில் கழற்றவேண்டும், கடைசியில் மாட்டவேண்டும். ஏனென்று கேட்டால் டேங்க் சார் மதியம்வரை விளக்குவார், ஆகவே கேட்காமல் செய்யுங்கள்.

மழைக்கால மராமத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அம்பத்தூர், கொரட்டூர், ஆவடித் தெருக்களில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். இன்ஜின்வரை முழுகிய காரில் செய்யவேண்டியது, சாவியைத் தொடாமல் இருப்பது. காற்று போகிற வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும். காற்றைப்போலத் தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட் செய்தால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 'ஒரு தடவை அடிச்சுப் பார்ப்போமே' என்ற வாக்கியத்தால் அந்த வாரம் இந்த வட்டாரத்தில் எத்தனை இன்ஜின் இறங்கியதோ. மைனஸை மட்டும் கழற்றிவிட்டு, டோ வண்டிக்குக் காத்திருங்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பது என்கிற இந்த ஒரு வேலையை நீங்கள் பிசகாமல் செய்வீர்கள்.

இனி சக்கரம். ஸ்டெப்னி மாட்டத் தெரியாதவன் கார் வைத்திருக்கக்கூடாது என்பது மூவரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம். (ஸ்டெப்னி என்பது நம்மூர் வார்த்தைபோலவே ஆகிவிட்டது. 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் உதிரிச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் இங்கே வந்து டிக்கியில் படுத்துக்கொண்டது.) ஜாக்கி போட்டுத் தூக்குவதற்கு முன்பே நட்டைத் தளர்த்தவேண்டும். தூக்கியபின் முயன்றால் சக்கரம் ராட்டினம் மாதிரி சும்மா சுற்றும். ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் தலையைக் கொடுக்காதீர்கள்.

நட்டு வராது. போன தடவை பஞ்சர் கடையில் காற்று கன் வைத்து முறுக்கியது. ஸ்பானர்மேல் ஏறி நிற்பீர்கள்; வராது. எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்பதில் உங்களுக்கே சந்தேகம் வரும். டேங்க் சார் "எங்க டேங்க் டிராக்குல..." என்று ஆரம்பிப்பார். போல்ட் சார் டார்க் கணக்குப் போடுவார். சைக்கிள் சார், "காத்து பாரு தம்பி." மாடியிலிருந்து வீட்டம்மா, "நட்டு கழண்டுச்சா? இல்ல, இங்கேருந்து பாத்தா அப்படித்தான் தெரியுது" என்பார். மதியம் ஒன்றரை.

கடைசியில் முனைக் கடை மெக்கானிக் தம்பிக்கு போன் போவதை யாரும் தடுக்கமுடியாது. நீங்கள் செய்யாவிட்டாலும் வீட்டம்மா செய்வார். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, மூன்றடி ஜி.ஐ. பைப்போடு டூவீலரில் வருவான். ஸ்பானர் கைப்பிடியில் பைப்பைச் செருகி, நுனியில் ஒரு மிதி. டக். நான்கு நட்டுக்கும் நான்கு டக். போல்ட் சார் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவர் கணக்கும் அதே நீளத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

காசு வேண்டாம் என்பான். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கித் தரையில் போடுவான். அது துள்ளாது, சப்பென்று உட்காரும்.

"இதுல காத்தே இல்லியே சார்."

சைக்கிள் சார் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போவார்.