இழுபறி நீடிக்கிறது

வாயில் கயிறோடு வந்து நிற்கும் நாய்க்கும் கையில் ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத் தலைவருக்கும் நடுவே சமமான போட்டி என்று ஒன்று கிடையாது. அதற்குப் பல் 42. எனக்கு 32 என்கிறது பாடப்புத்தகம். பல் டாக்டர் அவ்வளவு தாராளமாகச் சொல்வதில்லை. அது நாலு காலையும் தரையில் ஊன்றி இழுக்கும். எனக்கு இருப்பது இரண்டு. அதில் ஒரு முட்டிக்கு மழைக்காலம் ஆகாது.

எங்கள் மணி தெருவில் பிறந்த அசல் நாட்டு நாய். 28 பால்பல்லும் விழுந்து, ஆறேழு மாதத்தில் நிரந்தரப் பல் முளைக்கும்வரை பலமாக இழுக்கவே கூடாது என்றார் கால்நடை மருத்துவர். வளர்ந்த பிறகும் கயிற்றை மேலே தூக்காமல், அதன் கழுத்து நேராக இருக்கும்படி தாழ்வாகப் பிடித்து, பக்கவாட்டில் மெதுவாக ஆட்ட வேண்டுமாம். நாயின் கழுத்துக்கு இவ்வளவு கவலைப்பட்டவர், என் தோள்பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமனார் கட்சி வேறு. "மாப்ளே, கயித்தை விட்டுக் குடுத்துடாதீங்க. ஒருதரம் ஜெயிச்சுட்டா தலைமேல ஏறிடும்." இந்தப் பயம் மற்ற ஊர்களிலும் இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா ரூனியும் ஜான் பிராட்ஷாவும் 14 கோல்டன் ரெட்ரீவர் நாய்களோடு இழுபறி ஆடிப் பார்த்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஜெயிக்க விட்டாலும் சரி, தோற்கடித்தாலும் சரி, ஆளை அடக்கியாளும் எண்ணம் நாய்க்குக் கூடவில்லை. மாமனாரிடம் சொன்னேன். "அது வெளிநாட்டு நாய்" என்றார்.

இழுப்பதில் சிக்கல் இல்லை, விடச் சொல்வதில்தான். "விடு" என்று அதட்டினேன். பிடி இறுகியது. குரலை உயர்த்தினேன், அதுவும் வாலை வீசிக்கொண்டே உறுமியது. உடம்பு நெளிய, வால் ஆட வரும் அந்த உறுமல் கோபமில்லை, குஷி. நான் போட்ட கூச்சலை அது கைதட்டலாக எடுத்துக்கொண்டது. பிடுங்கப் பிடுங்க ஆட்டம் சூடாகும். எதிரே ஒருவர் இழுப்பதில்தான் அதற்கு ருசியே.

எனவே செய்யவேண்டியது இதுதான்: இழுப்பதை நிறுத்தி, கயிறு பிடித்த கையைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு, பேசாமல் அசையாமல் உயிரில்லாத சாமானாக நிற்பது. அலுத்துப்போய் வாயைத் திறக்கும். திறக்கும் கணத்தில் "விடு" சொல்லி, வேகவைத்த ஈரலில் ஒரு துண்டு கொடுத்து, உடனே கயிற்றையும் நீட்டி ஆட்டத்தைத் தொடர வேண்டும். விட்டால் ஆட்டம் போய்விடும் என்ற பயம் தெளிந்ததும் விடுவது சுலபமாகிவிடும்.

இந்த வழியை நான் சொன்னபோது வீட்டில் எல்லோர் கண்ணும் என்மேல் விழுந்தது. "உயிரில்லாத மாதிரி நிக்கணுமாம். உங்களை விட்டா யாரு?" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒட்டடை அடிக்கச் சொன்னால் நான் எய்தும் அந்த நிலைக்கு ஒரு வழியாக உபயோகம் கிடைத்தது. நின்றேன். மணி இழுத்தது. நிமிர்ந்து பார்த்தது. இந்த முகத்தில் இனி எதுவும் நடக்காது என்று தீர்மானித்து, கயிற்றைத் துப்பியது. இதே வேலை என் மகளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அவளுக்கு முகத்தில் களை அதிகம்.

இப்போது மணி சொன்னவுடன் விடுகிறது. விட்டால் ஈரல் என்ற கணக்கும் அதற்கு நன்றாகப் பிடிபட்டுவிட்டது. அதனால் விடுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று தானாகவே சரக்கு தேடிக் கொண்டுவருகிறது: மாமனாரின் மூக்குக்கண்ணாடிக் கூடு, என் பனியன், தேங்காய் மட்டை. துரத்தினால் அது இன்னொரு ஆட்டமாகிவிடும் என்பதால் மரியாதையாக விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். நேற்று எதிர்வீட்டுக்காரரின் செருப்பு வந்தது. ஒரு கால்தான். இன்னொன்றை நாளைய வியாபாரத்துக்கு எங்கோ பத்திரப்படுத்தியிருக்கிறது.